ஓட்டும் உரிமையும் ஓட்டும் பக்குவமும்

(மைசூர் விஜயநகரில், புதிதாக வாகனம் ஓட்டத் தொடங்கும் இளைஞர்களும் அவர்தம் பெற்றோரும் கூடியிருந்த சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு மைசூரைவிடப் பொருத்தமான ஊர் தென்னாட்டில் அதிகம் இல்லை என்று நான் சொன்னால், அதை உபசார வார்த்தை என்று நீங்கள் தள்ளிவிட வேண்டாம். இந்த விஜயநகரிலிருந்து வெகு தூரமில்லாத யாதவகிரியில்தான் 1961-ஆம் ஆண்டில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை தோன்றியது. முதலில் ஜாவா என்றும், பின்னர் யெஸ்டி என்றும் பெயர் தாங்கி, 1996-இல் உற்பத்தி நின்றுபோகும் வரையில், தேசமெங்கும் ஓடிய அந்த மோட்டார் சைக்கிள்கள் இந்த ஊரின் பிள்ளைகள். உதைத்துக் கிளப்புகிற கோலே கியர் மாற்றுகிற கோலாகவும் அமைந்த அந்த விசித்திர வாகனத்தில் கை கால் பழகியவர்கள் இந்தச் சபையிலும் சிலர் இருக்கக்கூடும். அவர்களில் எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கிய பிறகு ஓட்டினார்கள் என்று விசாரிப்பது என் நோக்கமன்று. அது நாகரிகமும் அன்று.

இந்தக் கூட்டத்தைக் கூட்டிய அன்பர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டது, லைசென்ஸ் பெறுவதற்குச் சட்டம் என்னென்ன கேட்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி எடுத்துரைக்க வேண்டும் என்பதே. அதைச் செய்கிறேன். ஆனால் சட்டம் கேட்பவற்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும்போது, அது கேட்காமல் விட்ட ஒரு காரியமும் நம் கண்ணில் படாமல் போகாது. பிழைப்புக்காக வண்டி ஓட்டுகிறவனை ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி ஏற்றிவிடுகிற நம் சட்டம், அப்பன் வாங்கிக் கொடுத்த காரை ஓட்டுகிற 18 வயதுப் பிள்ளையை மட்டும் ஒரே எட்டில் மாடிக்கு ஏற்றிவிடுகிறது. இந்த வேற்றுமையைப் பற்றித்தான் இன்று நான் பேச விரும்புகிறேன்.

முதலில் பிராயம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 1989 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருந்துவருவது. உரிமம் இன்றிப் பொது இடத்தில் எவரும் மோட்டார் வாகனத்தை ஓட்டலாகாது என்று அதன் மூன்றாம் பிரிவு விதிக்கிறது. நான்காம் பிரிவு வயதை வரையறுக்கிறது. பொதுவாக 18, போக்குவரத்து வாகனம் என்று சட்டம் அழைக்கும் லாரி, பஸ், டாக்ஸி முதலியவற்றுக்கு 20, 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் 16, அதுவும் பெற்றோர் எழுத்து மூலம் சம்மதம் தந்தால். இந்தப் 16 வயதுப் படி இன்று ஏட்டில் இருக்கிறது, கடையில் இல்லை. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தபோது அந்த வயதுக்கேற்ற வண்டி தெருவில் ஓடியது. இன்று அதன் வம்சத்தில் வந்த வண்டிக்கே எஞ்சின் 100 சி.சி.யை ஒட்டி நிற்கிறது. ஸ்கூட்டர்களோ 110, 125 என்று அதையும் தாண்டிவிட்டன. ஆகவே, 16 வயதில் லைசென்ஸ் எடுத்துத் தந்தேன் என்று பெருமையோடு சொல்லும் தகப்பனார், அந்த லைசென்ஸைக் கொண்டு வீட்டிலிருக்கும் ஸ்கூட்டரைப் பையன் தொடவும் உரிமையில்லை என்பதைப் பெரும்பாலும் அறியமாட்டார்.

மின்சார ஸ்கூட்டரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும், கால் கிலோவாட் சக்திக்கும் உட்பட்ட வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. அதற்கு லைசென்ஸும் வேண்டாம், எண் பலகையும் வேண்டாம். அந்த வேக எல்லையைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அந்தக் கணமே அது மோட்டார் வாகனமாகிவிடுகிறது; ஓட்டுகிற சிறுவன் உரிமமின்றி ஓட்டுகிறவனாகிவிடுகிறான்.

அடுத்தது, ஜனங்கள் எல்.எல்.ஆர். என்று அழைக்கும் பழகுநர் உரிமம். சாலைக் குறிகள், போக்குவரத்து விதிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் செய்யவேண்டிய கடமைகள், காவலாள் இல்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, கையில் வைத்திருக்க வேண்டிய பத்திரங்கள் ஆகியவற்றைக் குறித்து ஒரு சிறு பரீட்சை. ஆதார் அடையாளத்தைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே அதை எழுதும் சௌகரியமும் இப்போது வந்துவிட்டது. வீட்டிலிருந்து எழுதும்போது பக்கத்தில் இருந்து விடை சொல்வது யார் என்ற கேள்வியையும் அந்தச் சௌகரியம் கூடவே கொண்டுவந்திருக்கிறது. மத்திய அரசின் விதிப்படி ஒவ்வொரு வகை வண்டிக்கும் பழகுநர் உரிமத்துக்கு 150 ரூபாய், அந்தப் பரீட்சைக்கு 50, பின்னர் ஓட்டிக் காட்டும் பரீட்சைக்கு 300, உரிமத்துக்கு 200. மைசூரில் கே.ஏ. 09 என்றும் கே.ஏ. 55 என்றும் எண் வழங்கும் இரண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. இவற்றுக்கு மேல் நான் விவரித்தால், ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பாரம் நிரப்பித் தருபவர்களின் ஜீவனத்தில் மண்ணைப் போட்டவனாவேன்.

பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாட்கள் கழியாமல் ஓட்டிக் காட்டும் பரீட்சைக்குப் போகமுடியாது. இந்த 30 நாட்கள் எதற்காக ஏற்பட்டவை? அந்த நாட்களில், முறையான உரிமம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் எழுத்தைத் தாங்கி, சாலையில் பழகவேண்டும் என்பதற்காக. ஆனால் பிரத்தியட்சத்தில் நடப்பது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் அந்த மாதத்தைத் தேதி எண்ணிக் கழிக்கிறார்கள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவர்கள், காலையில் அரைமணி நேரம் டபுள் கன்ட்ரோல் வைத்த காரில் காலி வீதிகளைச் சுற்றிவருகிறார்கள். ஹூன்சூர் சாலையும் ரிங் ரோடும் சந்திக்கும் ஹிங்கல் பக்கம், ஆபீஸ் விடும் நேரத்தில், அவர்களை ஓட்டச் சொன்னவர் எத்தனை பேர் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். பழகுவதற்கென்று சட்டம் அளித்த காலம், காத்திருக்கும் காலமாகத் தேய்ந்துவிட்டது.

பழகுநருடன் வருகிறவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய விதத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. காருக்கு இது நியாயம். பக்கத்தில் இருப்பவர் கைப்பிரேக்கையாவது இழுக்கலாம். ஆனால் நம் நாட்டில் புதிதாக ஓட்டக் கற்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏறுவது இரண்டு சக்கர வண்டியில் அல்லவா? அங்கே பின்னால் அமரும் தகப்பனார் எதைப் பிடித்து நிறுத்துவார்? பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு தெய்வத்தை வேண்டலாம், அவ்வளவுதான். உபாத்தியாயர் தவிர வேறெவரையும் பின்னால் ஏற்றலாகாது என்ற மற்றொரு விதிதான் இரண்டு சக்கரப் பழகுநருக்கு உண்மையில் காப்பு. அதைக் காப்பாற்றுகிறவர்களைக் காண்பதோ அரிது.

இனி, ஓட்டிக் காட்டும் பரீட்சை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-ஆம் விதியை நிதானமாகப் படித்துப் பார்க்கிறவர்கள் வியப்படைவார்கள். அவ்வளவு நுட்பமான பரீட்சை அது. செங்குத்தான மேட்டில் வண்டியை நிறுத்தி, ஓர் அங்குலமும் பின்னுக்கு வழுவாமல் மறுபடி புறப்பட வேண்டும். இறக்கத்தில் கியரை விரைவாகக் குறைக்கத் தெரியவேண்டும். சைகை காட்டுமுன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். குறுகிய இடைவெளிக்குள் பின்னோக்கி நுழைய வேண்டும். பாதசாரிகள் கடக்குமிடத்தில் முறையாக நடந்துகொள்ள வேண்டும். அவசரத்தில் நிறுத்தத் தெரியவேண்டும். பிற வண்டியைக் கடந்து போவதை மட்டுமன்றி, பிற வண்டி தன்னைக் கடந்து போக இடங்கொடுப்பதையும் இந்த விதி பரீட்சைப் பொருளாக வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், அந்த முழு விதியிலும் இந்த ஒரு வாசகத்தையே நான் மிகவும் மெச்சுவேன். இவ்வளவும் ஏட்டில் இருக்க, பல இடங்களில் மைதானத்தில் எஞ்சியிருப்பது எட்டு போடுவது ஒன்றே. கால் ஊன்றாமல் எட்டு போட்டுவிட்ட பையனுக்கு உடல் சமநிலை இருக்கிறது என்பது நிரூபணமாகிறது. சந்தியில் குறுக்கே வருகிறவனுடைய மனத்தில் என்ன இருக்கிறது என்பதை ஊகிக்கும் சக்தி அவனுக்கு வந்துவிட்டதா என்பது நிரூபணமாவதில்லை. தவறியவர் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். தவறுவதை அவமானமாகக் கருதிச் சிபாரிசு தேடுகிற பெற்றோரைப் பார்க்கையில் எனக்கு வருத்தம் உண்டாகிறது. தவறிய பிள்ளை தப்பிய பிள்ளை என்றே நான் எண்ணுவேன்.

பரீட்சையில் தேறிய மறுநாள், அதே 18 வயதுப் பிள்ளைக்கு என்னென்ன அனுமதி உண்டு என்று பாருங்கள். ஐந்து சிநேகிதரை ஏற்றிக்கொண்டு, நள்ளிரவில், மழையில், எவ்வளவு குதிரை சக்தி கொண்ட காரானாலும் ஓட்டலாம். 2023 மார்ச் 12-ஆம் தேதி திறக்கப்பெற்ற பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலையில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். அந்தச் சாலையில் உயிர்ச்சேதம் மிகுந்ததைக் கண்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து இரண்டு சக்கர வண்டிகளையும் ஆட்டோக்களையும் டிராக்டர்களையும் அதன் பிரதான பாதையிலிருந்து விலக்கினார்கள். எந்த வண்டி போகலாம் என்று யோசித்தவர்கள், எவ்வளவு அனுபவமுள்ளவர் போகலாம் என்பதை யோசிக்கவில்லை.

இதே சட்டம் பிழைப்புக்காக ஓட்டுகிறவனிடம் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது! லைட் மோட்டார் வாகன உரிமத்தை ஓராண்டு வைத்திருந்தாலன்றிப் போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமமே கிடையாது. டிரைவிங் ஸ்கூல் சான்றிதழ் வேண்டும். வைத்தியர் சான்றிதழ் வேண்டும். ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆபத்தான சரக்கை ஏற்றுகிறவனுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டிகளை லைட் மோட்டார் வாகன உரிமத்தோடே ஓட்டலாம் என்று தீர்ப்பளித்ததால், சிறு வண்டிக்காரர்களுக்கு இதில் ஓரளவு தளர்வு கிடைத்திருக்கிறது. ஆயினும் அனுபவம் என்பது ஒன்று உண்டு, அதற்குக் காலம் பிடிக்கும் என்ற தத்துவத்தை நம் சட்டம் அறிந்தே இருக்கிறது என்பது மேற்சொன்ன கண்டிப்பினால் விளங்கும். அந்தத் தத்துவத்தைச் சொந்த வண்டிக்காரனுக்குப் பிரயோகிக்க அது துணியவில்லை.

துணிந்த தேசங்கள் உண்டு. நியூஸிலாந்து 1987-லேயே உரிமத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்தது: துணையோடு மட்டும் ஓட்டும் பழகுநர், தனியே ஓட்டலாம் ஆனால் இரவு பத்து மணிக்குப் பிறகு ஓட்டவோ பயணிகளை ஏற்றவோ கூடாது என்ற நிபந்தனைக்குட்பட்ட இடைநிலைக்காரர், பிறகு முழு உரிமையாளர். 1994-இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் இம்முறையை மேற்கொண்டது. இலங்கையிலிருந்து சென்று டொராண்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிய தமிழர் வீடுகளில், ஜி-1, ஜி-2, ஜி என்ற இந்த மூன்று எழுத்துக்களைக் கேளாமல் வளரும் பிள்ளையே இல்லை எனலாம். முதல் கட்ட எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதும் வாய்ப்பும் அங்கே உண்டு. ஜி-1 உள்ளவர், நான்காண்டு அனுபவமுள்ள ஒருவர் அருகில் இல்லாமல் ஓட்டலாகாது. நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை ஓட்டலாகாது. நானூறு என்ற வரிசையில் எண்ணிட்ட பெரு நெடுஞ்சாலைகளில் ஏறலாகாது. மது ஒரு துளியும் உடம்பில் இருக்கலாகாது. ஜி-2-க்கு வந்த பிறகும், 19 வயதுக்குட்பட்டவர் முதல் ஆறு மாதம் நள்ளிரவுக்குப் பின் தம் பிராயத்தார் ஒருவருக்கு மேல் ஏற்றமுடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், 25 வயதுக்குட்பட்ட பழகுநர் 120 மணி நேரம் துணையோடு ஓட்டியதை ஓர் ஏட்டில் பதிந்து காட்ட வேண்டும், அதில் 20 மணி இரவு நேரமாக இருக்கவேண்டும். அதன்பின் ஓராண்டு சிவப்புப் பி, ஈராண்டு பச்சைப் பி. நம் நாட்டில் 2021 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களில் லைட் மோட்டார் வாகனத்துக்கு விதிக்கப்பட்ட முழுப் பயிற்சி 29 மணி. அங்கே தேறியவருக்கு ஆர்.டி.ஓ. பரீட்சையும் தேவையில்லை.

இந்த நிபந்தனைகள் இளைஞரைச் சந்தேகிப்பதால் பிறந்தவையா என்றால், இல்லை. துணை ஒருவர் பக்கத்தில் இருக்கும் வரை பழகுநருக்கு நேரும் விபத்துக்கள் குறைவு. தனியே ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில் அவை சட்டென்று ஏறுகின்றன. பிறகு மெல்ல இறங்குகின்றன. இரவும், சமவயதுச் சிநேகிதர் கூட்டமும் அந்த ஏற்றத்தை இன்னும் உயர்த்துகின்றன. பல தேசங்களில் ஆராய்ந்து கண்ட உண்மை இது. ஆபத்து எந்த மாதங்களில் குவிகிறது என்று தெரிந்துவிட்டபின், அந்த மாதங்களில் மட்டும் வேலி கட்டுவது என்பதே இம்முறையின் யுக்தி. தசரா நாட்களில் தீபாலங்காரம் பார்க்க ஒரே ஸ்கூட்டரில் மூவராகக் கிளம்புகிறவர்களையும், ஊரின் விளக்கொளியைக் காண இருட்டிய பிறகு சாமுண்டி மலையேறுகிறவர்களையும் கண்டிருக்கும் மைசூர்வாசிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2022-ஆம் ஆண்டில் மாத்திரம் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர்; அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள்.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு; அவற்றில் சில வலுவானவை. ஹெப்பாளிலும் கூர்கள்ளியிலும் இரவு ஷிப்டு முடித்து வருகிற 20 வயதுப் பெண், பத்து மணிக்கு மேல் தன் ஸ்கூட்டரை ஓட்டலாகாது என்றால் வேறெதில் வீடு திரும்புவாள்? இரவில் உணவு கொண்டுபோய்க் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கும் இளைஞனின் கதி என்ன? இரவுத் தடையை நம் நாட்டில் அப்படியே பெயர்த்து நடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் பயணிகளைப் பற்றிய நிபந்தனை யாருடைய பிழைப்பையும் கெடுப்பதன்று. முதல் ஓராண்டு காலம், குடும்பத்தாரைத் தவிர சமவயதினர் ஒருவருக்கு மேல் காரில் ஏற்றலாகாது, இரண்டு சக்கர வண்டியில் ஒருவரையும் ஏற்றலாகாது என்று விதித்தால், நஷ்டம் உல்லாசப் பயணத்துக்கு மட்டுமே. பழகுநர் விதியே காப்பாற்றப்படாத தேசத்தில் இன்னொரு விதியா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வண்டிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வீதியில் நிற்கும் போலீஸ்காரருக்கு வெளியிலிருந்தே தெரிகிறது, உரிமம் எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்பது அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. கண்காணிப்பதற்கு இதைவிட எளிய விதி சட்டத்தில் அதிகம் இல்லை.

சட்டம் வரும் வரை வீடு காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. சாவி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் ஒரு சட்டம் இருக்கத்தான் இருக்கிறது. அந்தச் சாவியை அகாலத்தில் கொடுப்பவர்களைப் பற்றி 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மிகக் கடுமையாகப் பேசுகிறது. உரிமமில்லாமல் ஓட்டுவதற்கு முன்பு 500 ரூபாயாக இருந்த அபராதம் 5,000 ஆயிற்று. 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரரே குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கோ 25 வயது ஆகும் வரை உரிமம் இல்லை. தனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றான் என்றோ, தடுக்க முயன்றேன் என்றோ நிரூபிக்கும் பொறுப்பும் பெரியவருடையதே. 2024 மே மாதத்தில் புனே நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய விலையுயர்ந்த கார் மோதி இரண்டு இளம் எஞ்சினியர்கள் மாண்டபோது, முதலில் அவனுக்கு விதிக்கப்பட்ட ஜாமீன் நிபந்தனைகளில் ஒன்று சாலை விபத்தைக் குறித்து 300 வார்த்தைகளில் கட்டுரை எழுதவேண்டும் என்பது. தேசமே கொதித்தெழுந்தது. அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அதே வாரத்தில் தம் வீட்டு ஸ்கூட்டரை ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் கொடுத்துக் கொத்தமல்லி வாங்கிவர அனுப்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

நேரம் ஆகிவிட்டது. கூட்டம் தொடங்குமுன் ஒரு பெரியவர் தம் உரிமத்தைப் புதுப்பிப்பது பற்றி என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே எல்லோருக்குமாகச் சொல்லி அமர்கிறேன். 2019 திருத்தத்தின்படி, 30 வயது நிரம்புமுன் பெறும் உரிமம் 40 வயது ஆகும் வரை செல்லும். 30-க்கும் 50-க்கும் இடைப்பட்டவர்களுக்குப் பத்தாண்டு. 50 முதல் 55 வரை உள்ளவர்களுக்கு 60 வயது வரை. 55-ஐக் கடந்தவர்கள் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 40 வயதுக்கு மேல் 1-ஏ பாரத்தில் டாக்டரின் சான்றும் வேண்டும். காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பாகவோ, ஆன பின் ஓராண்டுக்குள்ளாகவோ விண்ணப்பிக்கலாம். அதையும் தவறவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதுதான். ஆகவே, யெஸ்டி காலத்திலிருந்து ஓட்டிவருகிற அந்தப் பெரியவர் ஐந்தாண்டுக்கொருமுறை டாக்டரிடம் போய்ச் சான்று வாங்கிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் 18 வயதுப் பேரன் வருகிற மாதம் பரீட்சையில் தேறினானானால், அடுத்த 22 ஆண்டுகளுக்கு, எப்படி ஓட்டுகிறாய் என்று அவனை அழைத்துக் கேட்பதற்கு எந்த ஆபீசுக்கும் அவசியம் இல்லை.